லைன் அளக்காத இறக்கையில் நான் பறப்பதில்லை

பழைய பாராகிளைடர் (துணியால் ஆன பறக்கும் இறக்கை) ஒன்றைக் கையில் எடுத்தால் எல்லோரும் முதலில் துணியைத்தான் பார்க்கிறார்கள். வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை தேடுகிறார்கள், நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இறக்கையையும் விமானியையும் இணைக்கும் நூல்களான லைன்களை ஒருமுறை விரலால் உருவிப் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா இருக்கு" என்று பையில் போட்டுவிடுகிறார்கள். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். உருவிப் பார்த்தால் உறை கிழிந்ததும் முடிச்சு விழுந்ததும் தெரியும். நீளம் மாறியது தெரியாது. ஏழு மீட்டர் நீளமுள்ள லைனில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்திருப்பதை எந்தக் கண்ணாலும் பிடிக்க முடியாது. ஆனால் இறக்கைக்கு அது தெரியும்.

எனக்காகவும் கூடப் பறக்கிற நண்பர்களுக்காகவும் பல வருடங்களாக லைன் அளந்து வருகிறேன். அந்த அனுபவத்தில் உறுதியாகச் சொல்ல முடிந்த விஷயம் இது: சான்றிதழ் வாங்கியது குறிப்பிட்ட லைன் நீளங்கள் கொண்ட இறக்கை. அந்த நீளங்கள் மாறிவிட்டால், முத்திரை மட்டும்தான் பழையது. தலைக்கு மேலே இருப்பது யாரும் சோதித்துப் பார்க்காத வேறொரு இறக்கை.

நீளம் ஏன் மாறுகிறது? பறக்கும்போது எடையின் பெரும்பகுதியை முன்விளிம்பிலிருந்து பின்னோக்கி ஏ, பி, சி என்று எண்ணும் வரிசைகளில் முன்னால் உள்ள ஏ, பி லைன்கள் தாங்குகின்றன. பின்னால் இருக்கும் சி வரிசைக்கும், டி இருந்தால் அதற்கும், சுமை குறைவு. கையால் பின்விளிம்பை இழுக்கும் பிரேக் லைன்களுக்கு இன்னும் குறைவு. பெரும்பாலான இறக்கைகளில் இரண்டு வகை நூல் வருகிறது. டைனீமா வளைவுக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும்; ஆனால் சுமை இல்லாமல் கிடந்தால் சுருங்கும். ஈரம், சூடு, பின்னலுக்குள் புகுந்த தூசி எல்லாம் அதைச் சேர்த்துச் சுருக்கும். அராமிட் நீளத்தை நன்றாகக் காப்பாற்றும்; ஆனால் திரும்பத் திரும்ப மடங்கினாலும், உறை இல்லாமல் வெயிலில் கிடந்தாலும் பலம் போய்விடும். ஆக, முன்னால் உள்ளவை சுமையில் கொஞ்சம் நீள்கின்றன, பின்னால் உள்ளவை சும்மா இருந்தே சுருங்குகின்றன. இரண்டும் ஒரே பக்கத்துக்குத்தான் தள்ளுகின்றன: பின்விளிம்பு கீழே இழுபடுகிறது, தாக்குகோணம் (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம்) கூடுகிறது, இறக்கை மெதுவாகிறது. ஸ்டாலுக்கு, அதாவது இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைக்கு, உள்ள இடைவெளி குறைந்துகொண்டே போகிறது.

இது ஒரே நாளில் நடப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. விமானி தன்னையறியாமல் பழகிவிடுகிறார். தரையிலிருந்து தூக்கும்போது இறக்கை தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே தொங்கினால், "இன்னைக்குக் காத்து சரியில்லை" என்று நினைத்துக்கொள்கிறார். பெரிய காதுகளை (சீக்கிரம் இறங்க இரு நுனிகளையும் உள்ளே மடக்குவது) விட்ட பிறகு நுனிகள் சோம்பலாகத் திறக்கும். பி ஸ்டாலை (பி லைன்களை இழுத்து வேகமாக இறங்கும் உத்தி) விட்டதும் இறக்கை முன்னே பாயாமல் ஒரு கணம் தயங்கும். இவை எல்லாமே அளந்து பார் என்று இறக்கை சொல்லும் அறிகுறிகள்.

சமீபத்தில் ஒரு தம்பியின் இறக்கையை அளந்தோம். மூன்று வரிசை; சான்றிதழில் பி வகுப்பு (லைன் வரிசை பி-யோடு இதற்குத் தொடர்பில்லை). ஈரத்தோடு மடித்து வைப்பதும் காரின் பின்பெட்டியில் வெயிலில் விட்டுவிடுவதும் அவர் வழக்கம். இறக்கையின் நடுப்பகுதி லைன்களான நடுக் குழுவின் சராசரி இப்படி வந்தது: ஏ வரிசை கையேட்டு நீளத்தைவிட 8 மி.மீ. அதிகம், பி 6 மி.மீ. அதிகம், சி 9 மி.மீ. குறைவு. அவர் தாளைப் பார்த்துவிட்டு, "எல்லாமே பத்துக்குள்ளதானே இருக்கு அண்ணா, அப்புறம் என்ன?" என்றார்.

பத்து மில்லிமீட்டர் என்ற அந்த எண் அவராகச் சொன்னது இல்லை. இ.என். 926-2 என்ற ஐரோப்பியச் சான்றிதழ்ச் சோதனையில், சோதிக்கப்படும் மாதிரியின் லைன்கள் கையேட்டு நீளத்திலிருந்து 10 மி.மீ.க்கு மேல் விலகக்கூடாது. அதனால் பலரும் ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்து நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் இறக்கை தனித்தனி லைனைப் பார்ப்பதில்லை. ஏ 8 கூடி, சி 9 குறைந்தால் இரண்டுக்கும் இடையே 17 மி.மீ. வித்தியாசம். நடுவில் ஏ வரிசைக்கும் சி வரிசைக்கும் இடைவெளி ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழு இறக்கையும் ஏறத்தாழ 0.65 டிகிரி மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது என்று அர்த்தம். சிறிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் இறக்கைக்கு டிரிம் வேகத்துக்கும் (பிரேக்கையும் ஸ்பீட் பாரையும் தொடாமல் பறக்கும் வேகம்) ஸ்டாலுக்கும் நடுவே இருப்பதே சில டிகிரிகள்தான். அதிலிருந்து நாம் கேட்காமலே ஒரு பங்கு கழிந்திருக்கிறது. அதற்கு மேல் துணியும் கொஞ்சம் காற்றை விட ஆரம்பித்திருந்தால், டீப் ஸ்டாலுக்கு (இறக்கை விரிந்திருந்தும் முன்னே பறக்காமல் கீழே இறங்கும் நிலை) தேவையான இரண்டும் சேர்ந்துவிட்டன.

இதையே திருப்பிப் பார்த்தால், எல்லா லைன்களும் ஒரே அளவு 12 மி.மீ. நீண்டிருந்தால் அது அந்த 10 மி.மீ. எல்லையைத் தாண்டினாலும் கோணத்தைத் தொடாது. இறக்கை தலைக்கு மேல் இம்மியளவு உயர்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே நான் முதலில் பார்ப்பது வித்தியாசத்தை. ஏ வரிசையைப் பூஜ்யமாக எடுத்து, பி, சி இரண்டும் அதற்கு எவ்வளவு கூடக் குறைய என்று எழுதுவேன். அப்புறம் இடது, வலது. அதற்கு அப்புறம்தான் தனி லைன்.

அளக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறான அளவு, அளக்காததைவிட மோசம். மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிற வேலையில் இழுவை மாறினால் எண்ணும் மாறிவிடும். கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு டேப் வைத்து அளந்தால், காலையில் ஒரு நீளம், கை சோர்ந்த பிறகு ஒரு நீளம் வரும். எனவே எல்லா லைனுக்கும் ஒரே இழுவை, 5 கிலோ. லைன்கள் கீழே வந்து சேரும் பட்டையான ரைசரைச் சுவரில் உறுதியான ஒரு கொக்கியில் மாட்டுகிறேன். அதன் பக்கத்தில், அதே கோட்டில், லேசர் மீட்டர். மறுமுனையில் சிறிய வெள்ளைத் தகடு ஒன்று, அதன் முகத்தில் கொக்கி. இறக்கையின் அடியில் லைன் கட்டியிருக்கும் துணிக் காதை அந்தக் கொக்கியில் மாட்ட வேண்டும். தகட்டின் பின்னாலிருந்து ஒரு கயிறு கப்பி மேல் போய், 5 கிலோ எடையைத் தொங்கவிட்டிருக்கிறது. எடையை மெதுவாக விட வேண்டும், ஆட்டம் நிற்க வேண்டும், அப்புறம்தான் லேசர் பொத்தான்.

ஒரு காதிலிருந்து ரைசர் வரை போகும் முழுப் பாதையும், மேல் லைன், நடு லைன், கீழ் மெயின் லைன் எல்லாம் சேர்த்து, ஒரே அளவு. நடுவிலிருந்து நுனிக்கு: ஏ1, ஏ2, ஏ3 என்று. பிறகு பி, சி, பிரேக். இரு பக்கமும் சேர்த்து மூன்று வரிசை இறக்கையில் நூறைச் சுற்றி எண்கள் வரும். தனியாகச் செய்தால் பாதியில் கவனம் சிதறும். ஒருவர் மாட்ட, ஒருவர் படித்துச் சொல்லி எழுத, இரண்டு பேர் வேண்டும். எழுதுபவர் கேட்ட எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடுநடுவே ஏ1-ஐ மறுபடி மாட்டிப் பார்ப்பேன். முதலில் வந்த எண்ணே ஒரு மில்லிமீட்டருக்குள் திரும்பி வந்தால் எதுவும் நகரவில்லை என்று நம்பலாம். வரவில்லை என்றால் கொக்கியோ லேசரோ அசைந்திருக்கிறது, மறுபடி முதலிலிருந்து.

கையேட்டின் பட்டியலில் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலேயே பார்த்துவிட வேண்டும். அங்கே உள்ள நீளம் ரைசரையும் சேர்த்ததா, அல்லது லைன்களை ரைசரோடு இணைக்கும் சிறு உலோக வளையமான குயிக் லிங்கிலிருந்து தொடங்குவதா? இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ரைசர்களையும் தனியாக, இடது வலது சேர்த்து வைத்து, அதே இழுவையில் அளக்க வேண்டும். காலால் மிதித்து வேகம் கூட்டும் ஸ்பீட் பாரின் கப்பிகள் முழுவதும் திரும்பியிருக்கின்றனவா என்று அப்போதே பார்த்துவிடலாம். இறக்கை காய்ந்திருக்க வேண்டும். அறைக்குள் வந்து சில மணி நேரம் விரித்துக் கிடந்திருந்தால் இன்னும் நல்லது. சில கையேடுகள், டைனீமா லைன்களை அளப்பதற்கு முன் அதிக எடையில் சற்று நேரம் இழுத்து வைக்கச் சொல்கின்றன. சுருக்கத்தில் ஒரு பகுதி அதிலேயே திரும்பிவிடும். கையேடு எத்தனை கிலோ, எத்தனை விநாடி என்று சொல்கிறதோ அவ்வளவுதான். சொல்லவில்லை என்றால் நான் செய்வதில்லை.

இனி சரிசெய்வது. குயிக் லிங்கில் மெயின் லைனின் முனை எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வெறுமனே ஒற்றையாகக் கோத்தால் லைன் முழு நீளம். முனையை ஒரு சுற்றுச் சுற்றியோ, கண்ணிக்குள் கண்ணியாக மடக்கியோ கோத்தால் கொஞ்சம் குறையும். இன்னொரு சுற்றுப் போட்டால் இன்னும் குறையும். ஒவ்வொரு படியும் எவ்வளவு என்பது லைனின் தடிமனைப் பொறுத்தது. தடித்த உறை லைனில் ஒரு சென்டிமீட்டர் அளவில் வரும், உறையில்லாத மெல்லிய லைனில் அதைவிடக் குறைவு. பல நிறுவனங்கள் புது இறக்கையிலேயே பின் வரிசையில் ஒரு மடக்கு போட்டுத்தான் அனுப்புகின்றன. நாளாக ஆகப் பின் லைன்கள் சுருங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அவிழ்த்துவிட இடம் வைத்தே கொடுக்கிறார்கள். சட்டை தைக்கும்போது தையலுக்குள் விட்டுவைக்கும் துணி மாதிரி.

அந்தத் தம்பியின் இறக்கையில் சி மெயின் லைன்களில் அந்த மடக்கு இன்னும் தொடப்படாமல் இருந்தது. நடுக் குழுவில் இரு பக்கமும் அதை ஒற்றையாக மாற்றினோம். மறுபடி மாட்டி அளந்தபோது 11 மி.மீ. கூடியிருந்தது. அதாவது சி இப்போது கையேட்டைவிட 2 அதிகம், ஏ 8 அதிகம். வித்தியாசம் 17-லிருந்து 6-க்கு வந்துவிட்டது. நுனிக் குழுவில் வித்தியாசம் ஆரம்பத்திலேயே 6 மி.மீ.தான். அதைத் தொடவில்லை. நடுவும் நுனியும் ஒரே கணக்கில் வந்துவிட்டதால் இறக்கையின் முறுக்கும் (நடுவுக்கும் நுனிக்கும் உள்ள கோண வித்தியாசம்) பழையபடி ஆனது. ஏ வரிசையில் கைவைத்து அந்த 6-ஐயும் பூஜ்யமாக்கலாம் என்று அவருக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். மடக்கில் 11 மி.மீ. படியாகத்தான் நகர முடியும். 6-ஐத் துரத்தினால் மறுபக்கம் 5 போய் நிற்கும், கூடவே இன்னும் நாலைந்து கண்ணிகளைப் பிரித்துக் கோக்க வேண்டும். பிரிக்கும் ஒவ்வொரு கண்ணியும் தவறாகக் கோக்க ஒரு வாய்ப்பு.

பிரிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு குயிக் லிங்க் மட்டும். அதில் உள்ள லைன்களின் வரிசை மாறாமல் இருக்க ஒரு நூலைக் கட்டி வைத்துக்கொள்வேன், படமும் எடுத்துக்கொள்வேன். முடிந்ததும் லைன்களை நடுவில் நிறுத்தும் ரப்பர் வளையத்தையோ பிளாஸ்டிக் துண்டையோ திரும்பப் போட வேண்டும், மரையை முழுவதும் திருகி இறுக்க வேண்டும். திறந்த குயிக் லிங்கின் பலம் மூடியதில் ஒரு சிறு பங்குதான்.

முன் பக்கத்துக்கு அதிகமாகத் திருத்திவிடும் ஆசையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சி-யை இன்னும் விட்டால், அல்லது ஏ-யைக் குறைத்தால், இறக்கை வேகமாகப் போகும். இதை ரகசிய வித்தை போலச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தாக்குகோணம் குறைந்தால் முன்விளிம்பு மடங்குவது எளிதாகும், மடங்கினால் அதன் வேகமும் கூடும். எந்த வகுப்புக்கென்று அந்த இறக்கை சோதிக்கப்பட்டதோ அந்த நடத்தை இனி அதனிடம் இருக்காது. கையேட்டு எண்ணை நோக்கித் திரும்புவது மட்டுமே திருத்தம். அதைத் தாண்டிப் போவதை நான் செய்ய மாட்டேன், யார் கேட்டாலும் செய்து கொடுக்கவும் மாட்டேன். இரண்டு வரிசை இறக்கைகளில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பு. அங்கே ஏ, பி என்று இரண்டே வரிசை. கோணம் முழுவதும் அந்த இரண்டின் வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

பின் லைனை விட்ட பிறகு பலர் மறப்பது பிரேக். சி நீண்டதும் பின்விளிம்பு மேலே போகிறது. பிரேக் லைன் அதே நீளத்தில் இருந்தால், இதுவரை தளர்வாக இருந்தது இப்போது இழுத்துப் பிடிக்கக்கூடும். அதோடு பிரேக் லைன்களும் சுமையில்லாத லைன்கள்தானே, அவையும் சுருங்கியிருக்கும். கையை முழுவதும் மேலே விட்ட நிலையில் பிரேக் லைன்கள் காற்றில் பின்னோக்கி வில் போல வளைந்து தொங்க வேண்டும், பின்விளிம்பில் ஒரு மடிப்புக்கூடத் தெரியக்கூடாது. பின்விளிம்பு அசையத் தொடங்கும் முன் கை ஏறத்தாழ 10 செ.மீ. சும்மா வர வேண்டும். ஸ்பீட் பாரை முழுக்க மிதித்தாலும் பிரேக் இழுக்கக்கூடாது. மிதிக்கும்போது இறக்கை முன்னோக்கிச் சாய்கிறது, பின்விளிம்பு மேலே போகிறது, அப்போது இன்னும் நீளம் வேண்டும். கைப்பிடி முடிச்சைச் சற்று இறக்கிக் கட்டினால் இது சரியாகிவிடும். இரண்டு பக்கமும் ஒரே அளவு. "பிரேக் சட்டுனு பிடிக்கணும்" என்பதற்காகக் குறைத்துக் கட்டுவது, ஸ்டாலின் பக்கத்தில் போய் வீடு கட்டிக்கொள்வதுதான்.

மடக்குகளால் முடியாதவையும் உண்டு. ஒரே ஒரு மேல் லைன் மட்டும் 15 மி.மீ. விலகியிருந்தால் மெயின் லைனைத் தொடக்கூடாது. அதோடு சேர்ந்த மற்ற லைன்களும் கெட்டுப்போகும். அந்த லைனை மாற்ற வேண்டும். நடுவில் முடிச்சுப் போட்டு நீளத்தைக் குறைப்பதை நினைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். முடிச்சு லைனின் பலத்தைப் பாதி அளவுக்குத் தின்றுவிடும். மாற்று லைன் அதே வகை, அதே எண்ணாக இருக்க வேண்டும். லிரோஸ் நிறுவனத்தின் டி.எஸ்.எல். 70 என்றால் அந்த 70, ஏறத்தாழ 70 கிலோ சுமையில் அறும் லைன் என்பதைக் குறிக்கிறது. அதன் இடத்தில் கையில் கிடைத்த ஏதோ ஒன்றைப் போட முடியாது. மரத்தில் சிக்கி இழுத்து எடுத்த இறக்கை, கடல் நீரில் விழுந்த இறக்கை, கடுமையான ஸ்பைரலில் (சுழன்றபடி வேகமாக இறங்குவது) அடிக்கடி போன இறக்கை இவற்றில் நீளத்தைவிடப் பலம்தான் பெரிய கேள்வி. அதற்கு ஒரு லைனை அறுபடும் வரை இழுத்துச் சோதிக்கும் கருவி வேண்டும். துணி காற்றை எவ்வளவு விடுகிறது என்பதற்கும் தனிக் கருவி. இவை எதுவும் என்னிடம் இல்லை. அப்படிப்பட்டவற்றை நான் அளந்து பார்ப்பதோடு சரி, தாளையும் இறக்கையையும் முறையான பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவேன். பெரும்பாலான கையேடுகள் முழுப் பரிசோதனைக்கு 24 மாதம், அல்லது 100 முதல் 150 மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது என்று சொல்கின்றன. வீட்டில் அளப்பது அதற்கு மாற்று இல்லை.

திருத்திய இறக்கையை நேராக மலை உச்சிக்குக் கொண்டுபோவதில்லை. முதலில் சமதளத்தில், சீரான மெல்லிய காற்றில் தூக்கிப் பார்க்க வேண்டும். கையை எடுத்தால் தலைக்கு நேர் மேலே நிற்கிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் வில் சரியாக இருக்கிறதா. அப்புறம் பயிற்சிச் சரிவில் சிறு பறத்தல், அதன் பிறகு அமைதியான காலைக் காற்றில், போதிய உயரத்தோடு. முகத்தில் படும் காற்றுச் சத்தம் திடீரென்று அடங்கி, பிரேக் துவண்டு, இறக்கை விரிந்திருந்தும் நேர் கீழே இறங்கினால் அது டீப் ஸ்டால். கைகளை முழுவதும் மேலே விட வேண்டும், ஸ்பீட் பாரை மிதிக்க வேண்டும் அல்லது ஏ ரைசர்களை முன்னோக்கித் தள்ள வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது. தம்பியின் இறக்கையில் அப்படி எதுவும் வரவில்லை. தூக்கும்போது பின்னால் தங்கும் பழக்கம் போய், ஒரே மூச்சில் மேலே வந்து நின்றது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

புது இறக்கை என்றால் முதல் அளவை 20, 30 மணி நேரத்திலேயே எடுத்துவிடுங்கள். லைன்கள் அதிகமாக இடம் மாறுவது ஆரம்பத்தில்தான். அதற்குப் பிறகு நான் பருவத்துக்கு ஒருமுறை அளக்கிறேன். தாளில் தேதி, பறந்த மணி நேரம், திருத்துவதற்கு முன் வந்த எண்கள், பின் வந்த எண்கள், எந்தக் குயிக் லிங்கில் எந்த மடக்கு இருக்கிறது என்பது, எல்லாம் எழுதி இறக்கைப் பைக்குள்ளேயே ஒரு பிரதி வைக்கிறேன். இறக்கையை விற்கும்போது அந்தத் தாளும் கூடப் போகிறது. வாங்குபவராக நீங்கள் இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள். தாள் இல்லை என்றால், பணம் கொடுப்பதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள்.